வாசிப்பு மேசை – 17: காலியான பலூன்கள்

1972-இல் சிவகாசியிலிருந்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி கிளம்பினார். கையை மின்சாரத்தில் வைத்தால் உடல் மறைந்துபோகும் அந்த மனிதரைத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்குக் கொண்டாடினார்கள். அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கிரீன் என்ற ஓவியர் ‘பிங்கி பிரவுன்’ என்ற மெல்லிய காமிக்ஸ் ஒன்றை வெளியிட்டார். அதன் நாயகனுக்கு ஒரு சக்தியும் கிடையாது. கத்தோலிக்கனாக வளர்ந்த பையன். தன் உடம்பிலிருந்து பாவக் கதிர்கள் கிளம்பி மாதா சொரூபத்தைத் தீட்டுப்படுத்திவிடும் என்று அஞ்சி அஞ்சியே சாகிறவன். அந்தப் பையன் வேறு யாருமல்ல, வரைந்தவரேதான். பிங்கி பிரவுன் இல்லாமல் யூதப் படுகொலையைப் பற்றிய தன் ‘மவுஸ்’ காமிக்ஸ் இல்லை என்று ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். சுயசரிதைக் காமிக்ஸ் என்ற வகை இப்படி ஒருவரின் வெட்கத்திலிருந்து தொடங்கியது. இன்று குழந்தைகளுக்காக எழுதப்படும் நல்ல நாவல்களில் ஒரு பெரும்பகுதி அந்த வெட்கத்தின் வாரிசு என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. பெரியவர்களின் அலமாரியில் ஒன்றும் பிள்ளைகளின் அலமாரியில் இன்னொன்றுமாகப் பிரித்து வைத்தால் இந்த உறவு கண்ணில் படாது.

உறவு ஏற்பட்ட வழி மிகச் சாதாரணமானது. பெரிய நிறுவனங்கள் சூப்பர் ஹீரோக்களை விற்றுக்கொண்டிருந்தபோது, தன் கதையைச் சொல்ல நினைத்தவர்கள் தாமே வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து விற்றார்கள். ஜான் போர்செலினோ 1989-இல் தொடங்கிய ‘கிங்-கேட்’ அப்படிப்பட்டது. ரெய்னா டெல்கமையரும் இப்படிக் கையடக்கப் புத்தகங்கள் போட்டுப் பழகியவர்தான். ஆறாம் வகுப்பில் தடுக்கி விழுந்து முன்பற்கள் இரண்டும் பறிபோன கதையை 2004-இல் இணையத்தில் வாராவாரம் வரைந்தார். அது ‘ஸ்மைல்’ என்ற புத்தகமாக ஸ்காலஸ்டிக்கில் வந்தது 2010-இல். பல் போனது ஒரு கதையா என்று கேட்கத் தோன்றும். பன்னிரண்டு வயதில் அதைவிடப் பெரிய கதை எது? சின்ன அவமானத்தைச் சின்னதென்று தள்ளாமல் முழு அளவில் வரைவது என்ற துணிச்சலைக் குழந்தை இலக்கியத்துக்குக் கொடுத்தது இந்த ஜெராக்ஸ் பரம்பரைதான்.

சீசீ பெல் எழுதி வரைந்த ‘எல் டெஃபோ’ (2014) படத்தையும் சொல்லையும் எப்படிச் சேர்க்கிறது என்று பாருங்கள். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த சிறுமியின் கதை. ஆசிரியரின் சொந்தக் கதை. எல்லோரையும் முயல்களாக வரைந்திருக்கிறார். ஊரெல்லாம் நீளக் காதோடு நடமாட, தன் காது மட்டும் உதவாமல் போனவளின் தனிமையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மார்பில் கட்டிய கேட்புக் கருவியின் பேட்டரி தீரத் தீர, வசன பலூனுக்குள் எழுத்துகள் மங்குகின்றன. பிறகு பலூன் வெறுமையாகிவிடுகிறது. எதிரே இருப்பவரின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. ‘அவளுக்குக் காது கேட்கவில்லை’ என்று உரைநடையில் எழுதினால் அது நமக்குத் தரப்படும் தகவல். காலி பலூனைப் பார்க்கும்போதோ நமக்கே கேட்காமல் போகிறது. தோழி வீட்டில் இரவு தங்கும்போது விளக்கை அணைத்துவிடுகிறார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவளுக்கு இருட்டு என்றால் என்ன என்பது அப்போது உறைக்கிறது. அதே கருவிதான், அதனோடு இணைந்த கழுத்து மைக்கை ஆசிரியை கழற்ற மறந்து கழிவறைக்குப் போனால் அந்தச் சத்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. குறை எந்த நொடியில் வல்லமையாக மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

படம் பார்ப்பது வாசிப்பாகாது, பிள்ளைகளுக்குச் சொல்வளம் வளராது என்று ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். பல காமிக்ஸில் சொற்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இரண்டு கட்டங்களுக்கு நடுவே நடந்ததை ஊகிக்கும் வேலை முழுக்க வாசகருடையது. பலூன் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொல்லும்போது எதை நம்புவது என்று தீர்மானிப்பதும் அவரே. இதை வாசிப்பு என்று ஒப்புக்கொள்ளப் பரிசுக்குழுக்களுக்கும் காலம் பிடித்தது. 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தை முதன்முதலாகப் பெற்ற கிராஃபிக் நாவல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’, ஆண்டு 2020. பெரும்பாலும் வெள்ளையர் படிக்கும் தனியார் பள்ளிக்குப் போகும் கறுப்பினச் சிறுவனைப் பற்றியது. அது நாவல்தான், ஆனால் தன் பள்ளி நாள்களையும் தன் மகன்களின் பள்ளி நாள்களையும் வைத்தே கிராஃப்ட் அதைக் கட்டினார். கதைச் சிறுவனும் நோட்டுப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் தன் நாள்களை வரைந்துகொண்டே இருக்கிறான். நாவலுக்குள்ளே ஒரு சுயசரிதைக் காமிக்ஸ்!

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சொந்த வாழ்க்கை என்றால் துயரமும் வன்முறையும் வரும், அவை பிள்ளைகளுக்கு ஏற்றவையா? 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டக் கல்வி வாரியம், ‘மவுஸ்’ நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. வசைச் சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் வாரியம் காட்டிய காரணங்கள். அவுஷ்விட்ஸ் வதைமுகாமைப் பற்றிய புத்தகத்தில் வசைச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு தனித் திறமை வேண்டும். அதற்காக எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘மவுஸை’ நீட்டச் சொல்லவில்லை. வயது பார்த்துக் கொடுப்பது பெற்றோர் வேலை. அந்த வயதுக்கென்று எழுதப்பட்டவையே இருக்கின்றன என்பதுதான் என் பதில். விக்டோரியா ஜேமிசனும் ஓமர் முகமதுவும் சேர்ந்து உருவாக்கிய ‘வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்ட்’ (2020), கென்யாவின் டடாப் அகதி முகாமில் வளர்ந்த ஓமரின் வாழ்க்கை. தந்தை கொல்லப்பட்டதை அது மறைக்கவில்லை. ஆனால் பக்கங்களை நிறைப்பது காத்திருத்தல்: தண்ணீருக்கு வரிசை, உணவுக்கு வரிசை, ஐ.நா. பட்டியலில் பெயர் வருமா என்ற ஏக்கம். மண்டபம் அகதி முகாமைப் பற்றி அறிந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமல்ல. ஓமரின் தம்பி ஹசனுக்குப் பேச வருவது ஒரே சொல், ‘ஹூயோ’. சோமாலி மொழியில் ‘அம்மா’.

பெரியவர்கள் மர்ஜானே சத்ரபியின் சுயசரிதைக் காமிக்ஸான ‘பெர்சபொலிஸ்’ஸில் தொடங்கலாம், அது தமிழிலும் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ‘எல் டெஃபோ’. அதை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்தக் காலி பலூன்களில் என்ன இருந்தது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.