ஏஐ வந்த பிறகும் பிள்ளையை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமா?

போன மாதம் ஜுமுஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "ஹஜ்ரத், பையன் பிளஸ் டூ முடிச்சுட்டான். லா காலேஜ்லதான் சேருவேன்னு நிக்கிறான். எங்க குடும்பத்துல யாரும் கோர்ட்டு வாசப்படி ஏறினதில்ல. இப்ப ஏஐ எல்லாம் வந்துருச்சு. அதுவே நோட்டீஸ் எழுதுது, மனு எழுதுதுங்கறாங்க. அஞ்சு வருஷம் படிச்சுட்டு வெளிய வரும்போது வக்கீலுக்கு வேலை இருக்குமா?"

நான் வக்கீல் அல்ல. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவன், பிறகு கல்லூரியில் பி.ஏ. முடித்தவன். பாகப்பிரிவினை, தலாக், ஜீவனாம்சம், பள்ளிவாசல் நிலம் என்று ஜமாஅத்துக்கு வரும் வழக்குகளுக்காகப் பல வருடங்களாக வக்கீல்களின் அறைகளில் காத்திருந்து பழகியவன். அவருக்கு அன்று நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு சீனியர் வக்கீலின் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவர் நிறைய அடுக்கிய சட்டப் புத்தகங்கள். 1891 முதல் வெளிவரும் மெட்ராஸ் லா ஜர்னல், 1914இல் தொடங்கிய ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1969 முதல் வரும் சுப்ரீம் கோர்ட் கேசஸ். வருடத்துக்குப் பல தொகுதிகள் வரும். அவற்றை வாங்கவும் பைண்டு செய்து வைக்கவும் இடமும் பணமும் வேண்டும். ஜூனியரின் முக்கால்வாசி நேரம் இந்தப் புத்தகங்களில்தான் கழியும். "இந்த விஷயத்துக்கு நமக்குச் சாதகமா ஒரு தீர்ப்பு தேடு" என்று சீனியர் சொல்வார். அவர் ஏணி வைத்து ஏறி, அட்டவணையைப் புரட்டி, இரவு பத்து மணிக்கு நான்கைந்து தீர்ப்புகளைக் குறித்துக் கொடுப்பார்.

வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் புத்தகச் சுவர் பரம்பரைச் சொத்தாக வந்தது. நம் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் போன பையனுக்கு அதுவே தடுப்புச் சுவராக நின்றது. நம் சமுதாயத்தில் இந்தத் தொழிலில் உயர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயீல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் அமர்ந்தவர் பாத்திமா பீவி. இருந்தாலும் சாதாரண வியாபாரக் குடும்பங்களுக்குக் கோர்ட்டு தூரத்து ஊராகவே இருந்தது.

அந்தச் சுவரில் முதல் ஓட்டையைப் போட்டவர் வக்கீல்கூட இல்லை. சுஷாந்த் சின்ஹா என்ற கம்ப்யூட்டர் இன்ஜினியர் 2008இல் 'இந்தியன் கானூன்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் சட்டங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று திறந்து வைத்தார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் தன்னுடைய சுமார் 34,000 தீர்ப்புகளை அதிகாரபூர்வ வடிவிலேயே கட்டணமில்லாமல் தந்தது. 2019இல் அறிமுகமான 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் துணையோடு பல தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன. தகராறு வந்தால் ஆங்கில மூலம்தான் செல்லும். ஆனாலும் சாதாரண ஆள் தன் பிரச்சினையைப் பற்றி நீதிமன்றம் என்ன சொன்னது என்று தாய்மொழியில் படிக்க முடிகிறது.

கோர்ட்டு வேலையும் மாறிவிட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் தரப்படுகிறது. அதைச் செல்போனில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். கொரோனா காலத்தில் தொடங்கிய வீடியோ விசாரணை பல நீதிமன்றங்களில் தொடர்கிறது. 2023இல் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதும், காகிதமில்லாமல் வழக்குத் தாக்கல் செய்வதும் அதில் அடக்கம்.

இதுவரை நல்ல செய்தி. அந்தத் தகப்பனாரின் பயத்திலும் உண்மை இருக்கிறது.

ஏணி ஏறித் தேடிய வேலைதான் ஜூனியருக்குப் பயிற்சியாக இருந்தது. ஒரு தீர்ப்பைத் தேடப் போய் இருபது தீர்ப்புகளை வாசிப்பார். தேடியது கிடைக்காவிட்டாலும் வாசித்தது மனதில் நிற்கும். இன்று அந்தத் தேடலை மென்பொருள் சில விநாடிகளில் முடிக்கிறது. 60 பக்கத் தீர்ப்பை ஏஐ ஒரு பக்கத்தில் சுருக்கித் தருகிறது. பெரிய சட்ட நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்த ஒப்பந்தங்களை இயந்திரம் முதலில் சலித்துவிடுகிறது. தொழிலின் முதல் படிக்கட்டே உடைகிறது என்று சொன்னால் மிகையல்ல. மேல் படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன. அங்கே ஏறுவது எப்படி என்பதுதான் இன்றைய மாணவனின் பிரச்சினை.

இந்த மாற்றத்தை எங்கள் ஆலிம் வட்டாரம் முன்பே பார்த்துவிட்டது. நான் ஓதிய காலத்தில் ஒரு மஸ்அலாவைத் தேட வேண்டுமென்றால் உஸ்தாதின் அலமாரியிலிருந்து ரத்துல் முஹ்தாரின் தொகுதிகளை இறக்க வேண்டும். பிறகு 'ஷாமிலா' என்ற மென்பொருள் வந்தது. ஆயிரக்கணக்கான அரபுக் கிதாபுகள் ஒரு லேப்டாப்புக்குள் அடங்கின. சொல்லைத் தட்டினால் வாக்கியம் வந்து நிற்கும். அதில் ஒரு ஆபத்து இருந்தது. ஃபிக்ஹு ஆசிரியர் முதலில் எதிர்த்தரப்பின் கருத்தை எடுத்து எழுதுவார், இரண்டு பக்கம் தள்ளி அதை மறுப்பார். தேடிப் படித்தவன் முதல் பக்கத்தோடு நின்று, மறுக்கப்பட்ட கருத்தையே ஆசிரியரின் முடிவு என்று மேடையில் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

நீதிமன்றத் தீர்ப்பும் அப்படித்தான் எழுதப்படுகிறது. நீதிபதி முதலில் மனுதாரர் சொன்னதை எழுதுவார். பிறகு எதிர்மனுதாரர் சொன்னது, பிறகு பழைய தீர்ப்புகள், கடைசியில்தான் தன் முடிவு. நடுவிலிருந்து ஒரு பத்தியை உருவினால் தோற்றவரின் வாதம் தீர்ப்பாகத் தெரியும். ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்தாலும் வேலை முடிவதில்லை, அதற்குப் பின்னால் வந்தவற்றையும் பார்க்க வேண்டும். நம் வீடுகளைத் தொடும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றித் தேடினால் முதலில் வருவது 1985ஆம் ஆண்டு ஷா பானு தீர்ப்பு. அதற்குப் பின் 1986இல் தனிச் சட்டம் வந்தது. 2001இல் டானியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லி, அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தது. 2024 ஜூலையில், விவாகரத்தான முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவின் கீழும் கேட்கலாம் என்று மீண்டும் தீர்ப்பளித்தது. அதே மாதம் முதல் தேதியில் அந்தச் சட்டமே மாறி, பி.என்.எஸ்.எஸ். நடைமுறைக்கு வந்துவிட்டது. 125 இப்போது 144.

இந்தத் தீர்ப்புகளில் எது சரி என்ற விவாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. 144 என்றாலே ஊரில் எல்லோருக்கும் தடையுத்தரவுதான் நினைவுக்கு வரும். இன்று தடையுத்தரவுக்கான பிரிவு 163. பல வருடப் பழைய எழுத்துகளை விழுங்கி வளர்ந்த இயந்திரம் பழைய எண்ணையே ஒப்பிக்க வாய்ப்பிருக்கிறது. இந்தச் சங்கிலி முழுவதையும் வரிசையாகக் கோத்துப் பார்த்து, இன்று எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் கட்சிக்காரர் வருவார்.

இயந்திரம் இல்லாததையும் சொல்லும். நியூயார்க்கில் ஒருவர் விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், அவருடைய வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். ஆறும் கற்பனை. அவற்றைத் தேடி எழுதியவர் முப்பது வருட அனுபவமுள்ள வக்கீல். 'இவை உண்மையானவையா' என்று அவர் அந்த இயந்திரத்திடமே கேட்டிருக்கிறார், அதுவும் ஆமாம் என்றிருக்கிறது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் நாட்டிலும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, 2024 டிசம்பரில் பிறப்பித்த ஒரு உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றது தெரியவந்து அதைத் திரும்பப் பெற்றது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கையை வகுத்து, தீர்ப்பின் முடிவுக்கு வர ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 'யார் சொன்னது, யாரிடமிருந்து கேட்டது' என்று அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய மதரஸா மாணவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

இங்கே 'அறிவு மேலாண்மை' என்ற சொல்லையும் விளக்க வேண்டும். பெரிய வார்த்தையாகத் தெரிந்தாலும் விஷயம் எளிது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, இதே மாதிரி வழக்கில் பத்து வருடத்துக்கு முன் சீனியர் என்ன எழுதினார் என்பதெல்லாம் பழைய குமாஸ்தாவின் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் அலுவலகத்தின் பாதி ஞாபகம் அவரோடு போய்விடும். அந்த ஞாபகத்தை ஆளிடமிருந்து எடுத்து, எல்லோரும் தேடிப் பயன்படுத்தும்படி ஒழுங்காகச் சேமிப்பதுதான் அறிவு மேலாண்மை. பெரிய சட்ட நிறுவனங்களில் இதற்கென்றே சட்டம் படித்தவர்களை நியமிக்கிறார்கள். கோர்ட்டில் வாதாட விருப்பமில்லாத, ஆனால் ஒழுங்கும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

நம் ஜமாஅத்துகளுக்கு இது எவ்வளவு தேவை என்பதை 2025இல் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஜூன் 6ஆம் தேதி மத்திய அரசு 'உமீத்' தளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்றச் சொன்னது. அதன் பின்னுள்ள சட்டத்தைப் பற்றிய விவாதம் வேறு. நான் பார்த்த ஓர் ஊரில் பத்திரம் முன்னாள் முத்தவல்லி வீட்டு பீரோவில் இருந்தது. பட்டா இன்னொருவரிடம். சர்வே எண் பழையது, உட்பிரிவு ஆனது யாருக்கும் தெரியாது. கடைசியில் வந்து உதவியது அந்த மஹல்லாவின் சட்ட மாணவி ஒருவர். இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்கேன் செய்து, தேதி வாரியாகப் பெயரிட்டு, வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டுக் கொடுத்தார். பெரியவர்கள் நாங்கள் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம்.

புதிய சட்டங்களால் புதிய வேலைகளும் பிறந்திருக்கின்றன. 2024 ஜூலை முதல் போலீஸ் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியையோ சிசிடிவி பதிவையோ ஆதாரமாகத் தாக்கல் செய்ய, சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்குக் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். மிரட்டல் செய்தியை ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் கட்சிக்காரர்களே அதிகம். இதை ஆரம்பத்திலேயே சொல்லிச் சரியாகச் செய்து தரும் இளம் வக்கீல்களுக்கு, சீனியர்களே போன் போட்டுக் கேட்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜீவனாம்ச வழக்குக்கும் குடும்ப வன்முறைப் புகாருக்கும் வரும் சகோதரிகள், ஆண் வக்கீலிடம் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொல்கிறார்கள். விழுங்கிய பாதியில்தான் பெரும்பாலும் வழக்கே இருக்கிறது. எந்த மென்பொருளும் அதை வெளியே கொண்டுவராது. இ-ஃபைலிங், வீடியோ விசாரணை, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஆய்வு வேலை என்று வசதிகள் வந்திருக்கும்போது, பெண்ணுக்கு வக்கீல் தொழில் ஒத்துவராது என்ற பழைய பேச்சுக்கு இடமில்லை என்பது என் கருத்து.

செலவையும் வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருடம், அல்லது ஏதாவது பட்டத்துக்குப் பின் மூன்று வருடம். அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. வக்கீலாகப் பதிவு செய்யப் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்த கட்டணத்தை, பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதற்குப் பிறகு அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. முதல் சில வருடங்கள் கஷ்டம். ஜூனியர்களுக்கு நகரத்தில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாயாவது கொடுங்கள் என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபரில் சொன்னது. அது பரிந்துரை மட்டுமே, பஸ் காசு மட்டும் கொடுக்கும் சீனியர்கள் இன்னும் உண்டு. அந்த வருடங்களைத் தாங்க வீட்டில் தயாராக இருக்கிறார்களா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரர் பையனையும் அழைத்து வந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். அதைப் பையனிடம் கொடுத்து, செல்போனை அத்தாவிடம் கொடுத்துவிட்டு முழுதாகப் படிக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து படித்தான். பிறகு நிமிர்ந்து, "ஹஜ்ரத், இதுல வடக்கு எல்லைன்னு போட்டிருக்கற தெரு இப்ப எங்க வீட்டுக்கு மேற்கால இருக்கே, எப்படி?" என்று கேட்டான். அத்தாவுக்கு அது இருபது வருடமாகத் தெரியாது. வில்லங்கச் சான்று எடுக்க இந்த வாரம் அவர்கள் இருவரும் பதிவு அலுவலகம் போகிறார்கள்.