பீரோவில் தூங்கும் அரசு லேப்டாப்... எழுப்பிவிட ஒரு 'பேக்கேஜ்' போதும்!

அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையாக இருக்கட்டும், பக்கத்து ஆண்டிமடமாக இருக்கட்டும்... ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், பல வீடுகளில் 'ரொம்ப ஸ்லோ' என்ற புகாரோடு பீரோவுக்குள் முடங்கிக் கிடக்கும்.

2011-ல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னோர் இயங்குதளமும் வந்தது நினைவிருக்கிறதா? பலரும் திறந்தே பார்க்காத அந்த 'பாஸ்', நம் சென்னையில் உருவானது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ல் இதை வெளியிட்டது. இதற்கு அடித்தளம் 'டெபியன்' என்ற லினக்ஸ். 1993-ல் இயான் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர், காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து 'டெபியன்' எனப் பெயரிட்டுத் தொடங்கியது இது. இன்றுவரை இதை நடத்துபவர்கள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள்தான்!

பாக்கெட்டும் லேபிளும்

டெபியனின் பலமே 'பேக்கேஜ்'தான். வரதராஜன்பேட்டை பக்கம் முந்திரிக்குப் பெயர்போன பகுதி என்பதால், முந்திரி பாக்கெட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உள்ளே பருப்பு, வெளியே எடை, தேதி, பேக் செய்தவர் பெயர் கொண்ட லேபிள். மென்பொருள் பேக்கேஜும் அப்படித்தான். ஒரு பகுதியில் மென்பொருளின் கோப்புகள். இன்னொரு பகுதியில் அதன் பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர் பெயர், கூடவே 'நான் வேலை செய்ய வேறு எந்தெந்த பேக்கேஜ்கள் வேண்டும்' என்ற பட்டியல்.

நீங்கள் ஒன்றைக் கேட்டால், 'ஆப்ட்' என்ற கருவி அந்தப் பட்டியலைப் படித்து, தேவையான மற்றதையும் தானே கொண்டுவந்துவிடும். 'டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. கணினித் திரையைத் தமிழுக்கு மாற்றத் தேவையானவற்றைத் தேடித் தேடி அலையாமல், இந்த ஒரு பெயரைச் சொல்லியே வரவழைக்கலாம். 2025 ஆகஸ்ட்டில் வெளியான டெபியன் 13-ல் இப்படி 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உள்ளன. அத்தனையும் இலவசம்.

உங்கள் போனிலும்தான்!

'எனக்கு எதற்கு லினக்ஸ்?' என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் போடும் ஒவ்வோர் ஆப்பும் 'ஏபிகே' என்ற பேக்கேஜ்தான். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே கோப்பு வருகிறது. ஆசையாகத் தொட்டு இன்ஸ்டால் செய்தால், ஓடிபி திருடப்பட்டு வங்கிக் கணக்கு காலி! பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். 'இன்ஸ்டால் செய்' என்று கேட்காது. கட்டியவர் யாரென்று தெரியாத பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

டெபியனில் இதற்காகவே டிஜிட்டல் முத்திரை உண்டு. வழியில் யாராவது பேக்கேஜில் கைவைத்திருந்தால், முத்திரையைச் சரிபார்க்கும்போதே கணினி எச்சரித்துவிடும்.

அரை நொடியில் சிக்கிய சதி

ஆனால், முத்திரை குத்துவதற்கு முன்பே மென்பொருளில் கலப்படம் நடந்துவிட்டால்? 2024-ல் அதுவும் நடந்தது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளை நீண்டகாலம் ஒருவரே பராமரித்துவந்தார். 'உதவுகிறேன்' என்று வந்த ஒருவர், இரண்டு ஆண்டுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, அதில் ரகசியக் கதவை வைத்துவிட்டார். டெபியனின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது.

சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார். பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்பு தப்பித்தது. உலகமே நம்பியிருக்கும் மென்பொருளை ஒற்றை ஆள் தோளில் சுமக்கவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

தத்தெடுக்க வாருங்கள்

பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜை டெபியனில் 'அநாதை' என்றே அழைக்கிறார்கள். பொறுப்பேற்பதற்குப் பெயர், 'தத்தெடுப்பு'. யாரும் முன்வராவிட்டால், ஒருநாள் அது பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம். தமிழ் எழுத்துரு, தமிழ் மொழிபெயர்ப்பு பேக்கேஜ்களுக்கும் இதே விதிதான். நம் மொழிக்கு நாம் கைகொடுக்காவிட்டால் வேறு யார் வருவார்கள்?

2023-ல் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல்முறை. தமிழில் கற்றுக்கொள்ள 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுவதே நல்ல தொடக்கம். அதற்கு டிகிரி தேவையில்லை, பிழையில்லாத தமிழ் போதும்.

முதல் வேலையாக அந்த லேப்டாப்பை வெளியே எடுங்கள். பழைய போட்டோக்களை பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். விவரம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடை குறைந்த டெஸ்க்டாப்புடன் புது லினக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தம்பியோ தங்கையோ டைப்பிங் பழகவாவது அது உதவட்டும்!