டொமினோவும் மாணவரும்

எண்ணும் பயிற்சியை விளையாட்டாகவே அளிக்க வல்லது டொமினோ.

சீனத்தில் சொங் மரபினர் காலத்திலேயே இத்தகைய காய்கள் வழங்கின. இரு பகடைகள் உருளும்போது விழக்கூடிய 21 சேர்க்கைகளையே அவை குறித்தன. அவற்றுள் 11 இரட்டித்து வந்தமையால் சீனத் தொகுதியில் 32 காய்கள் உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியில் வழங்கத் தொடங்கிய ஐரோப்பிய டொமினோவிலோ புள்ளியற்ற வெற்றுப் பக்கமும் உண்டு. எனவே வெற்று முதல் ஆறு வரை குறிகள் ஏழு. வெற்றோடு இணைவன 7. ஒன்றோடு புதிதாய் இணைவன 6. இவ்வாறே குறைந்து செல்வனவற்றைக் கூட்டினால் 28 காய்கள். இக்கணக்கை மாணவரே கண்டு கூறட்டும்.

இருவர் ஆடுவதாயின், காய்களைக் கவிழ்த்துக் கலந்து ஆளுக்கு 7 எடுப்பர். எஞ்சிய 14 இருப்பாகும். ஒருவர் ஒரு காயை வைக்க, மற்றவர் அதன் ஒரு முனையோடு ஒத்த எண்ணைப் பொருத்துவார். பொருந்தும் காய் இல்லாதவர் இருப்பிலிருந்து எடுப்பார். முதலிற் கையொழிந்தவரே வென்றவர். இருப்பும் தீர்ந்து இருவரும் ஆட இயலாது நின்றால், கையிற் புள்ளி குறைந்தவர் வெல்வார்.

ஒவ்வோர் எண்ணும் 7 காய்களில் மட்டுமே வரும். ஐந்துடைய காய்கள் ஆறு தரையிலிருக்க, ஏழாவது நம் கையிலிருந்தால், ஐந்தில் முடியும் முனையை எதிராளி தொட இயலாது. இதனை உணர்ந்த மாணவன் கண்டதைக்கொண்டு காணாததை அறியக் கற்றுவிட்டான். ஆகவே, “யார் வென்றார்?” என்பதோடு நில்லாது, “இக்காயை ஏன் வைத்தாய்?” என்றும் ஆசிரியர் வினவுதல் வேண்டும்.