பழைய எலெக்ட்ரிக் கிடார் வாங்குறீங்களா? தலையில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீங்க!

தென்காசியில் ஒரு கல்லூரி மாணவர் எலெக்ட்ரிக் கிடார் வாங்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கப் பணம் போதாது. போனில் தேடினால், ‘அமெரிக்க ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அவசர விற்பனை, 30,000 ரூபாய்’ என்று ஒரு விளம்பரம். விற்பவர் இருப்பது பெங்களூரில். கிடாரின் தலைப்பகுதியில் ‘ஃபெண்டர்’ என்று எழுதியிருக்கும் ஒரு போட்டோதான் ஆதாரம். அதை நம்பி அப்பாவிடம் பணம் கேட்கலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்தப் பெயர் பெரும்பாலும் மெல்லிய ஒட்டுப்படம்தான். உரித்துவிட்டு வேறொன்று ஒட்டுவது பெரிய வேலையே இல்லை. ஃபெண்டர் வகைக் கிடார்களில் நெக் எனப்படும் கழுத்துப் பகுதி, உடலோடு நான்கு திருகுகளால்தான் இணைந்திருக்கும். ஒரு கிடாரின் கழுத்தை இன்னொன்றின் உடலில் மாட்டி விற்கவும் முடியும்.

ஓர் எழுத்தில் மாறும் விலை

முதலில் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கிப்சன், அமெரிக்க நிறுவனம். கிவ்சன், கொல்கத்தா நிறுவனம். இரண்டும் வேறு வேறு; விலையும் வேறு. அதேபோல் ஸ்குவையர் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் விலை குறைந்த பிராண்டு. தோற்றத்தில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ‘ஃபெண்டர்தான், ஸ்குவையர் மாடல்’ என்று விற்பவர் சொன்னால், அது ஸ்குவையர் என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எண் சொல்லும் ஜாதகம்

அடுத்து சீரியல் நம்பர். ஃபெண்டரில் ‘எம்.என்’ என்று தொடங்கினால் மெக்சிகோவில் 1990-களில் செய்தது. ‘எம்.இசட்’ என்றால் அதே மெக்சிகோ, 2000-களில். ‘எம்.இசட்.5’ எனத் தொடங்கும் கிடார் 2005-ஐச் சேர்ந்தது. அதை ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று விளம்பரப்படுத்தியிருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

கிப்சன் கணக்கு வேறு. 1977-லிருந்து அவர்கள் பரவலாகப் பயன்படுத்திய எட்டு இலக்க எண்ணில், முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் வருடம். நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். 91539412 என்று இருந்தால், 1999-ன் 153-வது நாள். அதாவது ஜூன் 2.

ஆனால், எண்ணையும் போலியாக அடிக்க முடியும். அதனால் எண் சொல்லும் கதையோடு மற்ற அடையாளங்களும் ஒத்துப்போக வேண்டும்.

டேப் எடுங்க!

தந்திகள் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ‘நட்’ என்ற பட்டையிலிருந்து 12-வது ஃப்ரெட் கம்பி வரை அளக்கச் சொல்லுங்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுமார் 324 மில்லிமீட்டர் வரும். கிப்சன் லெஸ் பாலில் சுமார் 314. ‘லெஸ் பால்’ என்று விற்கும் கிடாரில் 324 வந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்குவையர் ஸ்ட்ராட்டிலும் அதே 324தான் வரும் என்பதால், டேப்பை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம். உண்மையை உறுதி செய்ய முடியாது.

உள்ளே இருக்கும் சாட்சி

உறுதியான தடயங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பாகத்தின் முதுகில் ஓர் எண் இருக்கலாம். 1379815 என்றால், 137 என்பது சி.டி.எஸ் என்ற தயாரிப்பாளரின் அடையாளம். மற்றது 1998-ன் 15-வது வாரம். அந்தப் பாகத்தை இடையில் மாற்றவில்லை என்றால், கிடார் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. கழுத்தின் அடிப்பகுதியிலும் சில கிடார்களில் தேதி முத்திரை இருக்கும். அதைப் பார்க்கத் தந்திகளைத் தளர்த்திய பிறகே திருகைக் கழற்ற வேண்டும். குற்றாலச் சாரல் போன்ற ஈரக்காற்றில் இருந்த கிடாரில் திருகுகள் துருப்பிடித்திருக்கலாம். வம்பாகத் திருகினால் தலை மழுங்கிவிடும். பழகிய கையிடம் கொடுங்கள்.

மரமும் பேசும். விரல் பலகைக்குப் பல நிறுவனங்கள் விரும்பியது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரம். 2017-ல் ஈட்டி இனங்களின் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும், ஃபெண்டர் தன் மெக்சிகோ கிடார்கள் பலவற்றில் பா ஃபெர்ரோ என்ற மரத்துக்கு மாறியது. 2019-ல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதனால் ‘2005 மாடல்’ எனப்படும் மெக்சிகோ ஃபெண்டரில் பா ஃபெர்ரோ இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மர ரேகை காட்டிக்கொடுத்த கிடார்

கனடாவின் ராக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மனின் 1957-ம் வருட கிரெட்ச் கிடார், 1976-ல் டொரன்டோவில் ஒரு ஹோட்டலில் திருடுபோனது. 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் கிடைக்கவில்லை. 2020-ல் ஒரு ரசிகர், பழைய படங்களில் தெரிந்த மர ரேகைகளை இணையத்தில் உள்ள கிடார் படங்களோடு ஒப்பிட்டுத் தேடினார். டோக்கியோவில் டகேஷி என்ற இசைக்கலைஞர் அதை வாசிக்கும் வீடியோ சிக்கியது. அவர் ஒரு கடையில் வாங்கியிருந்தார். திருட்டுக் கிடார் என்று அவருக்குத் தெரியாது. 2022 ஜூலை 1 அன்று, அதேபோன்ற இன்னொரு 1957 கிரெட்ச்சைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தந்தார்.

பெயரை மாற்றலாம், எண்ணைச் சுரண்டலாம். மர ரேகையை மாற்ற முடியாது. நீங்கள் வாங்கும் கிடாரையும் முன்னும் பின்னும் தெளிவாகப் போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

பணம் அனுப்பும் முன்...

* தலையின் முன்புறம், பின்புறம், கழுத்து இணையும் இடம், பிரிட்ஜ், முழு உடல், சீரியல் நம்பர் ஆகியவற்றின் போட்டோக்களைக் கேளுங்கள்.
* வீடியோ காலில் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.
* பழைய பில் இருக்கிறதா, யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள்.
* ‘இன்னொருவர் காத்திருக்கிறார், அட்வான்ஸ் போடுங்கள்’ என்றால் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு அது ஸ்குவையர் என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. கழுத்து நேராக இருந்து, சுருதி நின்றால், கற்றுக்கொள்ள அது நல்ல கிடார்தான். ஸ்குவையரை ஸ்குவையர் விலைக்கு வாங்குவதில் நஷ்டம் இல்லை. ஃபெண்டர் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.