வருமுன் பேசப்படும் மடிக்கணினி

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களில், மாதச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து வாங்கப்படும் பொருள்களுள் மடிக்கணினி இப்போது முதன்மையானதாகிவிட்டது. முன்னாளில் தையல் இயந்திரமும் வானொலிப் பெட்டியும் பெற்றிருந்த மதிப்பை அது பெற்றிருக்கிறது எனலாம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தையல் இயந்திரம் வாங்கப் புறப்பட்டவரைத் தடுத்து நிறுத்தி, 'சற்றே பொறுங்கள், அடுத்த ஆண்டு இரண்டு ஊசிகள் உள்ள இயந்திரம் வரப்போகிறதாம்' என்று எவரும் கூறியதில்லை. மடிக்கணினி வாங்கப் புறப்படுகிறவரோ, கடைவாசலை மிதிக்குமுன் பத்துப் பேரிடமாவது இத்தகைய செய்தியைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது. அப்பதின்மருள் ஒருவராக நாமும் ஒருமுறை இருந்தோம். அதனாலேயே இப்பொருளைப் பற்றிப் பேச நமக்குச் சிறிது உரிமையும், பேசவேண்டிய கடமையும் உண்டு.

புணே நகரில் வாழும் நம் நண்பர் ஒருவரின் மகள் வடிவமைப்புக் கலை பயின்றுகொண்டிருந்தாள். 2021-ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் காலம், பாடங்கள் யாவும் கணினி வழியாகவே நடந்தன. அவளுடைய பழைய மடிக்கணினியின் திரை பழுதுபட்டு, பாதி இருண்டு கிடந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் தொலைபேசியில் அழைத்து, 'மாமா, மேக்புக் வாங்கலாமென்று அப்பா சொல்கிறார். இப்போது வாங்கட்டுமா, பொறுக்கட்டுமா?' என்று கேட்டாள். அக்காலத்தில் அந்நிறுவனத்தின் புதிய மடிக்கணினியைப் பற்றிய யூகங்கள் நாள்தோறும் வந்த வண்ணம் இருந்தன. அவற்றை நாம் ஆவலோடு படித்து வந்தோம். 'இரண்டு மாதம் பொறு' என்று அறிவுரை கூறினோம்.

அந்த யூகங்கள் பொய்யாயினவா என்றால், இல்லை, பெரும்பாலும் மெய்யாயின. இங்கேதான் விஷயம் சுவையுடையதாகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2016 அக்டோபரில் வெளியிட்ட மேக்புக் புரோவில், அதுவரை இருந்த பல வசதிகளை எடுத்துவிட்டது. தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளை போயிற்று, புகைப்படக் கருவியின் எஸ்.டி. அட்டையைச் செருகும் இடம் போயிற்று. காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, யாரேனும் கால் இடறினால் தானே கழன்றுவிடும் மேக்சேஃப் என்ற மின்னிணைப்பும் போயிற்று. எஞ்சியவை பெரும்பாலும் யு.எஸ்.பி.-சி துளைகளே. விசைப்பலகையின் மேல்வரிசைக்குப் பதிலாக 'டச் பார்' என்னும் தொடுபட்டை ஒன்று வந்தது. புகைப்படக்காரரும் ஆசிரியரும் சிறு சிறு இணைப்பிகளைப் பையில் சுமந்து திரிந்தனர். ஐந்தாண்டுக் காலம் இக்குறை நீடித்தது.

2021 ஜனவரியில், தைவான் நாட்டு உற்பத்திச் செய்திகளை ஆராய்வதில் பெயர் பெற்ற மிங்-சி குவோ என்பவரும், புளூம்பெர்க் நிறுவனத்தின் செய்தியாளர் மார்க் குர்மனும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் புதிய மடிக்கணினியைப் பற்றிச் செய்தி வெளியிட்டனர். காந்த மின்னிணைப்பு மீண்டும் வரும். தொடுபட்டை நீங்கும் என்றனர். மற்றத் துளைகள் திரும்பி வருமென்ற பேச்சும் எழுந்தது. ஏப்ரல் மாதம் அச்செய்திக்கு எதிர்பாராத சான்று கிடைத்தது. ஆப்பிளுக்குக் கணினி உற்பத்தி செய்துகொடுக்கும் குவாண்டா என்ற தைவான் நிறுவனத்தின் கணினிகளுள் புகுந்து, ரெவில் என்ற கொள்ளைக் கூட்டம் வரைபடங்களைத் திருடிற்று. 5 கோடி டாலர் பிணைப்பணம் கேட்டது. கிடைக்காமற்போகவே சிலவற்றை வெளியிட்டும் விட்டது. அவ்வரைபடங்களில் எச்.டி.எம்.ஐ. துளையும் எஸ்.டி. அட்டைத் துளையும் காந்த இணைப்பும் தெளிவாக இருந்தன! திருடர் தந்த சான்றை நம்புவது முறையாகுமா என்ற கேள்வி எழலாம். முறையோ அன்றோ, உண்மை அதில் இருந்தது.

மே மாதத்தில் புளூம்பெர்க் இன்னும் நுட்பமாக உரைத்தது. கணிப்புப் பணிக்கு 10 கருக்கள், சித்திரப் பணிக்கு 16 அல்லது 32 கருக்கள், 64 ஜிகாபைட் வரை நினைவகம் என்று எண்களோடு கூறிற்று. 2021 அக்டோபர் 18-ஆம் நாள் கணினி வெளியானபோது இவை யாவும் ஒத்திருந்தன. சில்லின் பெயர் மட்டும் பிழைத்தது. எம்1எக்ஸ் என்று பலர் எழுதி வந்தனர். வந்தவையோ எம்1 புரோ, எம்1 மேக்ஸ் என்ற இரண்டு. திரையின் மேல்விளிம்பில் ஒரு வெட்டு இருக்குமென்ற செய்தி கடைசிச் சில நாள்களில்தான் கசிந்தது. வெட்டு இருந்தால் கைப்பேசியில் உள்ளதுபோல் முகம் கண்டு திறக்கும் வசதியும் இருக்கவேண்டும் என்று சிலர் அனுமானித்தனர். வெட்டு வந்தது; அவ்வசதி வரவில்லை.

காலம் பற்றிய யூகம்தான் நம்மை ஏமாற்றியது. ஜூன் 7-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் மாநாட்டிலேயே புதிய கணினி வெளிப்படும் எனப் பலர் எதிர்பார்த்தனர், வெளிப்படவில்லை. கோடைக்குள் வரும் என்றனர், கோடை கழிந்தது. அப்பெண் இருண்ட திரையில் பாதிப் படத்தைக் கண்டும், தோழியின் கணினியை இரவல் வாங்கியும் ஒரு பருவத்தை ஓட்டினாள். அக்டோபரில் கணினி வந்தபோது 14 அங்குலத் திரையுள்ளதன் இந்திய விலை 1,94,900 ரூபாயில் தொடங்கிற்று. 16 அங்குலத்தின் விலை 2,39,900 ரூபாய். நண்பர் சேர்த்து வைத்திருந்தது அதில் பாதிதான். முடிவில் அவள் வாங்கியது எது தெரியுமா? 2020 நவம்பரில் வெளிவந்து, 92,900 ரூபாய் விலையில் ஜூன் மாதமும் கடையில் இருந்த அதே எம்1 மேக்புக் ஏர்! ஆறு மாத காலம் நாம் படித்த யூகங்களில் துளைகளின் எண்ணிக்கை இருந்தது. கருக்களின் எண்ணிக்கை இருந்தது. நண்பரால் கொடுக்க இயலும் விலையா என்பது மட்டும் இருந்ததில்லை. அதை நாமே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தகைய செய்திகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை அறிந்தால், எதற்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பது விளங்கும். ஒரு மடிக்கணினி ஒரே கூரையின் கீழ் உருவாவதன்று. திரையை ஒருவர் செய்கிறார், மின்கலத்தை வேறொருவர், உலோக உடலை மூன்றாமவர். பல மாதங்களுக்கு முன்பே இவர்களுக்குக் கட்டளை கொடுத்தாகவேண்டும். அக்கட்டளைகளை மோப்பம் பிடித்து முதலீட்டாளருக்குச் சொல்வதே சிலருடைய தொழில். இவர்கள் பொருளைப் பற்றிக் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நாளைப் பற்றிக் கூறுவது அடிக்கடி தவறும். ஏனெனில் பட்டறையில் ஒரு பாகம் தேங்கினாலும் நாள் தள்ளிப்போகிறது.

இரண்டாவது ஊற்று, அரசாங்கப் பதிவேடு. நம் நாட்டில் மடிக்கணினிகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெறவேண்டும். மறைகுறியீட்டு வசதியுள்ள பொருள்களை ரஷ்யா முதலிய நாடுகளின் யூரேசியப் பொருளாதார ஆணையத்தில் பதிய வேண்டியிருக்கிறது. இப்பதிவுகளில் வெறும் மாதிரி எண்களே இருக்கும். ஆனால் அவை தோன்றிவிட்டால், பொருள் பிறக்கும் காலம் நெருங்கிற்று என்று கொள்ளலாம். நம் மதிப்பில், பத்துப் பேரின் கணிப்பைவிட இப்படிப்பட்ட ஒரு பதிவு நம்பத்தக்கது.

மூன்றாவது ஊற்று, நிறுவனத்தின் சொந்தக் கவனக்குறைவே. 2016-இல் கணினி வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆப்பிள் வெளியிட்ட மென்பொருளுக்குள்ளேயே தொடுபட்டையின் படம் இருந்தது. 2021 செப்டம்பரில் சோதனைப் பதிப்பு ஒன்றில், அதுவரை எந்தக் கணினியிலும் இல்லாத இரண்டு திரை அளவுகள் காணப்பட்டன. அவையே புதிய திரைகளின் அளவுகளாயின. வீட்டுக்காரரே சாவியைக் கதவில் விட்டுச் செல்வது போன்றது இது.

இவையன்றி, வண்ணப் படங்களோடு வரும் செய்திகள் உண்டு. 2022-இல் வரவிருந்த மேக்புக் ஏர், மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகப் பல நிறங்களில், திரையைச் சுற்றி வெண்ணிற விளிம்போடு வரும் என்று முந்தைய ஆண்டே அழகிய சித்திரங்கள் உலவின. கணினி வந்தது. விளிம்பு கறுப்பு, நிறங்களோ அடக்கமான நான்கு. சித்திரம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகம் கொள்வது நலம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பொறுத்திருந்தவர் மெய்யாகவே நன்மையடைந்த சந்தர்ப்பமும் இருக்கிறது. 2015 முதல் அந்நிறுவனத்தார் பயன்படுத்திய 'பட்டர்ஃபிளை' விசைப்பலகை, தூசி பட்டால் எழுத்து விழாமலும் இருமுறை விழுந்தும் தொல்லை தந்தது. 2018-இல் நிறுவனமே இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவிக்க நேர்ந்தது. 2019 ஜூலையில் குவோ, பழைய முறை விசைகள் திரும்பும், முதலில் ஏர் வகையில் வரும் என்றார். திரும்பியது மெய், ஆனால் அந்த நவம்பரில் 16 அங்குலப் புரோ வகையில் முதலில் வந்தது, ஏர் வகைக்கு 2020 மார்ச்சில்தான் வந்தது. அச்செய்தியைக் கேட்டுப் பொறுத்தவர் எட்டு மாதம் காத்தாலும் வருந்தியிருக்க மாட்டார். ஏனெனில் அங்கே கடையில் இருந்த பொருளிலேயே, எல்லாரும் அறிந்த குறை இருந்தது. புதிதாக ஒன்று வரும் என்று பொறுப்பது வேறு. இருப்பதில் பழுது உண்டு என்று பொறுப்பது வேறு.

வரப்போவதைப் பற்றிய பேச்சு, வாங்குவோரை மட்டுமன்றி விற்போரையும் கவிழ்த்திருக்கிறது. இவ்விடத்தில் நம் திருவண்ணாமலையோடு தொடர்புடைய ஒருவரை நினைவுகூர வேண்டும். ரமண மகரிஷியின் அடியாராக விளங்கி அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதிய ஆர்தர் ஆஸ்போர்னின் மகன் ஆடம் ஆஸ்போர்ன். 1939-இல் பாங்காக்கில் பிறந்த இவர், இளமையைத் திருவண்ணாமலையிலும் கோடைக்கானல் பள்ளியிலும் கழித்தவர். 1981-இல் அமெரிக்காவில் இவர் வெளியிட்ட ஆஸ்போர்ன்-1 என்ற கணினி, கையில் தூக்கிச் செல்லத்தக்கதாகப் பெருவாரியாக விற்ற முதற்கணினி என்று போற்றப்படுகிறது. தூக்கத்தக்கது என்றால் இன்றைய பொருளில் அன்று. எடை ஏறக்குறைய 11 கிலோ. திரை 5 அங்குலம். தையல் இயந்திரப் பெட்டியைப் போன்ற உருவம். ஆயினும் வேர்ட்ஸ்டார் முதலிய மென்பொருள்களையும் சேர்த்து 1,795 டாலருக்குக் கிடைத்ததால் மக்கள் விரும்பி வாங்கினர்.

1983-இல் அவர், இதைவிடச் சிறந்த 'எக்சிகியூட்டிவ்' என்ற கணினி வரப்போகிறது என்று முன்கூட்டியே வெளிப்படுத்தினார். உடனே வணிகர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினர் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. புதியதைப் பற்றிய பேச்சு பழையதன் விற்பனையைக் கொல்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்றே வணிக உலகில் பெயர் நிலைத்துவிட்டது. இவ்வரலாறு முழு உண்மையன்று என்போரும் உளர். 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிக் கணினி வந்ததும், நிர்வாகத்தில் இருந்த கோளாறுகளுமே காரணம் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. எவ்வாறாயினும், இன்று பெரிய நிறுவனங்கள் வரப்போவதைப் பற்றி வாய் திறவாமல் இருப்பதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். அவர்கள் மௌனம் காக்கக் காக்க, யூகம் செய்வோருக்குத் தொழில் பெருகுகிறது. ஆஸ்போர்ன் 2003-இல் கோடைக்கானலில் காலமானார்.

நம் நாட்டிற்கே உரிய இரு செய்திகளையும் சொல்ல வேண்டும். புதியது வந்தால் பழையதன் விலை இறங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 2022 ஜூனில் எம்2 மேக்புக் ஏர் 1,19,900 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்டபோது, எம்1 ஏரின் பட்டியல் விலை இறங்கவில்லை; 92,900-லிருந்து 99,900 ரூபாயாக ஏறிற்று! கடைகளின் தள்ளுபடி வேறு விஷயம். அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டு 3-ஆம் நாள், மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. மறுநாளே அதனை அக்டோபர் இறுதிவரை ஒத்திவைத்தது. பின்னர் இறக்குமதியை மேற்பார்வையிடும் முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரு நாளில், இனிக் கணினியே கிடைக்காது என்று அஞ்சிக் கடைக்கு ஓடியவர்களை நாம் அறிவோம். பொறுக்கச் சொல்லும் வதந்தியும் உண்டு, விரையச் சொல்லும் வதந்தியும் உண்டு.

இப்போது உலவும் பேச்சு தொடுதிரையைப் பற்றியது. நிமிர்ந்து நிற்கும் திரையைக் கையால் தொட்டு வேலை செய்வது கைக்கு அலுப்புத் தரும் என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே மறுத்திருந்தார். 2023 ஜனவரியில் குர்மன், ஆப்பிள் தொடுதிரைக் கணினியை உருவாக்கி வருகிறது, 2025-இல் வரக்கூடும் என்று எழுதினார். 2025-இல் வந்த மேக்புக்குகள் எவற்றிலும் தொடுதிரை இல்லை. ஒருநாள் வரலாம், முன் சொன்னபடி, பொருள் மெய்யாகி நாள் பொய்யாவதே இத்துறையின் வழக்கம்.

புணேயில் இருந்த அப்பெண் படிப்பை முடித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அன்று வாங்கிய எம்1 ஏர் இன்னும் அவளிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்கலம் மட்டும் தளர்ந்திருக்கிறதாம். சில வாரங்களுக்கு முன் அழைத்து, 'மாமா, தொடுதிரை வருமா, பொறுக்கட்டுமா?' என்றாள். வருமா வராதா என்று நாம் கூறவில்லை. இருக்கும் கணினியில் உன் வேலை தடைப்படுகிறதா, கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் கேட்டோம். வேலை தடைப்படவில்லை என்றாள். அப்படியாயின் மின்கலத்தை மாற்றிக்கொள், அதற்கு ஆகும் செலவை முதலில் விசாரி என்றோம். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.