சமுதாயக்கூடத்துக்கு யார் பொறுப்பு?

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் சானமாவு போன்ற ஓர் ஊருக்குச் சமுதாயக்கூடம் ஆடம்பரம் அல்ல. ஓசூரில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கம்பெனியில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அவற்றின் ஒருநாள் வாடகை கட்டுப்படியாகாது. ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகள் வழியாக யானைக் கூட்டங்கள் வந்து சானமாவு காப்புக்காட்டில் தங்குகின்றன. அந்த மாதங்களில் ஓசூரில் விருந்து முடித்துவிட்டு இரவில் ராயக்கோட்டை சாலையில் பைக்கில் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகாப்பு, காதுகுத்து, காரியம், மருத்துவ முகாம், கிராம சபை என எல்லாவற்றுக்கும் ஊருக்குள்ளேயே ஒரு கூரை வேண்டும். பல ஊர்களில் கூரை இருக்கிறது, அதன் கீழே உட்காரத்தான் பயமாக இருக்கிறது. கேட்டால் ‘நிதி இல்லை’ என்று ஒரே பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் உண்மை. பணம் வரும் வழிகள் பல உண்டு. கட்டிடம் யாருடையது, அது விழுந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது காகிதத்தில் தெளிவாக இல்லாததால்தான் அந்த வழிகள் எல்லாம் வாசலோடு நின்றுவிடுகின்றன.

கான்கிரீட் கூரை ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. மாடியில் மழைநீர் வடியும் குழாயின் வாயைச் சருகும் பாலிதீன் பையும் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் தளத்து ஓட்டின் இடுக்குகளில் இறங்கும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஓர் அரசங்கன்று முளைத்து வேர்விட்டு அந்த இடுக்குகளை இன்னும் அகலமாக்கும். நீர் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கம்பிக்குக் கீழிருக்கும் கான்கிரீட் உப்பி, பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தில் பழுப்பு நிறக் கம்பி வரிவரியாகத் தெரிந்தால் கெடுதல் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த நிலையில் பெரும்பாலும் நடப்பது என்ன? விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து, தரைக்கு டைல்ஸ் போட்டு, கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். துருவைச் சுரண்டாமல் பூசிய பூச்சு, கூரையைப் பலப்படுத்துவதில்லை. அடியில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து தெரியாமல் மறைக்க மட்டுமே உதவும். முறையான வேலைக்கு முதலில் மாடியில் நீர் இறங்குவதை நிறுத்த வேண்டும். பிறகு முட்டுக் கொடுத்து, பெயர்ந்ததை நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்தி, கம்பியைத் தேய்த்து, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன் பிறகுதான் சாந்து வைக்க வேண்டும். எஸ்டிமேட்டில் இந்த வேலைகள் இல்லாமல் ‘பூச்சு வேலை, வர்ணம்’ மட்டும் இருந்தால், அந்தப் பணம் வீண்.

கூரையைவிட முந்திக்கொள்வது மின்சாரம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மின்கசிவால் பிடித்த தீ, மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் பரவி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பழைய ஒயரிங், விசேஷத்தன்று இழுக்கும் சீரியல் லைட், ஒரே படிக்கட்டு: நம் ஊர்க் கூடங்களில் இந்த மூன்றும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன. கல்யாண மண்டபம் நடத்தும் தனியாரிடம் கட்டிட உறுதிச் சான்றும் உரிமமும் கேட்கிறது 1965-ஆம் வருடத்துத் தமிழ்நாடு பொதுக் கட்டிட உரிமச் சட்டம். ஊராட்சிக் கூடத்தில் உட்காரும் உயிருக்கு மட்டும் மதிப்புக் குறைவா? பொறியாளரின் உறுதிச் சான்றைக் கேட்க ஊருக்கு எல்லா நியாயமும் உண்டு.

விழுந்தால் யார் பொறுப்பு என்பதைச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. தில்லி சாந்தினி சௌக்கில் நகராட்சிக்குச் சொந்தமான மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்த வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டிடத்துக்கு வயது 80. அதில் பயன்படுத்திய சாந்தின் ஆயுளோ 40, 45 வருடம்தான். பழுது வெளியே தெரியவில்லை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய கட்டிடத்தை வைத்திருப்பவர் அதைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர், தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்றது. ‘நிதி இல்லை’ என்ற வாதத்துக்கு 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் பதில் கிடைத்தது. அது சாக்கடை பற்றிய வழக்கு. பணப் பற்றாக்குறையைக் காட்டி ஓர் உள்ளாட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்த அதிகாரம், இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டிடத்தைப் பழுதுபார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ, அகற்றவோ இதன்கீழ் ஆட்சியரோ சார் ஆட்சியரோ உத்தரவிடலாம். ஓசூர் சார் ஆட்சியரிடம் புகைப்படத்தோடு ஒரு மனு கொடுக்க வக்கீல் தேவையில்லை.

ஆனால் உத்தரவு யார் பெயருக்குப் போகும்? சிக்கலே இங்குதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ‘சமுதாயக்கூடம்’. உள்ளே போனால் ஒன்று ஊராட்சியின் சொத்து, ஒன்று ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகமான தாட்கோ கட்டியது, ஒன்று எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் கட்டி முறைப்படி ஒப்படைக்காமலே விட்டது, இன்னொன்று கோயில் நிலத்தில் ஊர்ப் பணத்தில் எழுந்தது. ஆதலால் முதல் வேலை பணம் திரட்டுவது அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பார்க்க வேண்டும். ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் கட்டிடம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்டை ஒட்டிய ஊர்களில் நிலம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். வந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் புதுக் கட்டுமானம் எழுப்ப முடியாது. சொந்தக்காரர் தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை விக்டோரியா பொது மண்டபமே சாட்சி. கட்டிடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டி, பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம் அது. நகராட்சி நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்து ஓர் அறக்கட்டளை நிர்வகித்தது. குத்தகை முடிந்த பிறகு அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இழுபறி. பல வருடம் பூட்டிக் கிடந்த பிறகு 2023-இல் சுமார் 32 கோடி ரூபாயில் சீரமைப்பு தொடங்கியது. வருடாவருடம் செய்திருக்க வேண்டிய சின்னச் செலவு, தலைமுறை தாண்டியதும் கோடிகளில் வந்து நின்றது. தலைநகரின் மண்டபமாக இருந்ததால் அந்தக் கோடிகள் கிடைத்தன. ஊராட்சிக் கூடத்துக்கு அந்த யோகம் வாய்க்காது.

பணத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட 29 பொருள்களில் 29-ஆவது, சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பு. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம், அலுவலகச் செலவு நீங்கலாக உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம் என்பது விதி. விகிதம் நிதிக்குழுவுக்கு நிதிக்குழு மாறலாம். ஆகவே ‘இந்த வருடம் கட்டுப்பாடில்லாத பகுதி எவ்வளவு வந்தது, எதற்குப் போனது’ என்று கேட்பது எப்போதும் சரியான கேள்வி. இதோடு மாநில நிதிக்குழு மானியமும், ஊராட்சியின் சொந்த வருமானமான வீட்டு வரி, தொழில் வரியும் உண்டு. எல்லைக்குள் ஆலை இருக்கும் ஊராட்சியில் தொழில் வரி சின்னத் தொகை அல்ல. மக்களே முன்வந்தால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 1997-98-இல் தொடங்கி, இடையில் பெயர் மாறி, 2021-22-இல் திரும்ப வந்த இத்திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதிக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பணம் கொடுத்ததால் கூடம் கொடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

‘எதற்கு இத்தனை தொல்லை, இடித்துவிட்டு எம்.எல்.ஏ. நிதியில் புதிதாகக் கட்டலாமே’ என்பார்கள். தூண்களும் அடித்தளமும் கெட்டிருந்தால் இடிப்பதே சரி. அதைப் பொறியாளரின் சோதனை முடிவு செய்யட்டும், திறப்பு விழா ஆசை முடிவு செய்ய வேண்டாம். தொகுதி நிதிகள் புதுச் சொத்தை உருவாக்கவே ஏற்பட்டவை. எம்.பி. தொகுதி நிதியின் வழிகாட்டு விதிகள் பராமரிப்பு வேலையை நீண்ட காலம் வெளிப்படையாகவே விலக்கிவைத்திருந்தன. புதுக் கட்டிடத்துக்கு நிதி எளிதாகக் கிடைப்பதும், பழையதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போவதும் இதன் விளைவு. பராமரிப்புக்கு வழி செய்யாமல் கட்டிய புதுக் கூடமும் 20, 25 வருடத்தில் இதே கட்டுரையைக் கேட்கும்.

இந்தப் பக்கத்தில் எழும் இன்னொரு பேச்சு: ‘இத்தனை கம்பெனி இருக்கிறதே, அவர்கள் செய்யட்டும்.’ செய்யலாம். 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். ஊரக வளர்ச்சியும் அனுமதிக்கப்பட்ட தலைப்புதான். ஆனால் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்பதைக் கம்பெனியே தீர்மானிக்கும். நாம் கோரலாம், உரிமையாகக் கேட்க முடியாது. அதோடு, 2021-இல் திருத்திய விதிகளின்படி இப்படி உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சி போன்ற பொது அமைப்போ பதிவு பெற்ற அறக்கட்டளையோ பெற்றுக்கொள்ள வேண்டும். கடைசியில் இங்கேயும் கேள்வி அதேதான்: யார் பெயரில்?

வாடகை வாங்கினால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. இலவசமாக விட்ட கூடத்தில் குழாய் உடைந்தால் மாற்றப் பணமில்லாமல், ஒரு மழைக்காலத்தில் யாருக்குமே பயனில்லாமல் போவதும் உண்மை. துக்க நிகழ்ச்சிக்கு இலவசம், ஊர்க் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணம், வெளியாருக்கும் வணிக நிகழ்ச்சிக்கும் கூடுதல் கட்டணம் என்று கிராம சபையே பிரித்து வைக்கலாம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. வசூலை ஊராட்சிக் கணக்கில் தனித் தலைப்பில் காட்டி, மழைக்கு முன் வடிகுழாய் சுத்தம், தள ஓடு பார்த்தல், ஒயரிங் சோதனை ஆகியவற்றுக்கு முதலில் எடுக்க வேண்டும். இன்னொன்று. அரசுப் பணம் சேர்ந்த பொது இடத்தைச் சாதி சொல்லி மறுக்க யாருக்கும் உரிமையில்லை. அரசியல் சட்டத்தின் 15, 17-ஆவது பிரிவுகள் அதைத் தடுக்கின்றன. மறுத்தவர் மீது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். சாவி ஒரு குடும்பத்தின் வீட்டில் தொங்குவதும் மறுப்பின் ஒரு வடிவமே. சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது கண்காணிக்கவும் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகித நகலோடு நிற்பதில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அதன் 2(ஜெ) பிரிவு உரிமை தருகிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். எஸ்டிமேட், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் ஒரே மனுவில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கிருஷ்ணகிரி ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டமும், முதல்வரின் உதவி மையத்து 1100 எண்ணும் இருக்கவே இருக்கின்றன. கூரையில் கம்பி தெரிகிறது என்றால் மனுவுக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல், அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மறித்துப் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

2019 டிசம்பரில் தேர்வான கிருஷ்ணகிரி மாவட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. ‘தலைவர் இல்லை, யாரிடம் கேட்பது’ என்று அப்போது சலித்துக்கொண்டவர்கள் பலர். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கூடத்தின் சர்வே எண்ணை எழுதி எடுத்துப்போங்கள். கட்டிடம் யார் பெயரில் இருக்கிறது, பொறியாளர் எப்போது வந்து சோதிப்பார், வாடகைக் கணக்கு எங்கே என்ற மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.