அக்கி கண்டால் 72 மணி நேரத்துக்குள் மருந்து



இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாக எரிச்சல், பிறகு கொத்துக் கொத்தாய்க் கொப்புளம். இதுதான் அக்கி. இது சாமி குத்தமல்ல. தாம்பத்திய உறவால் வருவதுமல்ல. முன்பு சின்னம்மை தந்த வைரஸ் கிருமியே நரம்பில் பதுங்கியிருந்து, உடம்பு தளர்ந்தபோது எழும்புகிறது.

எழும்பிய கிருமி முதலில் சில புரதங்களைச் செய்து, தன் மரபுப் பொருளை நகலெடுக்கும். நகல் பெருகிய பிறகே மேலுறைப் புரதங்களை முழு அளவில் செய்யும். நாற்று வளர்ந்த பிறகுதானே நடவு! அசைக்ளோவிர் மாத்திரை அந்த நகலெடுப்பையே தடுக்கிறது. கிருமி பெருகிவிட்டால் மருந்தின் பலன் குறையும். ஆகவே கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள்.

காவி குழைத்து அக்கி எழுதினால் உள்ளே கிருமி பெருகுவது நிற்காது. அதை நம்பி நாள் கடத்தாதீங்க. நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே பெரம்பலூர் அல்லது அரியலூர் அரசு மருத்துவமனைக்குப் போங்க.

கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், பொருக்குத் தட்டும்வரை கொப்புளத்தைத் துணியால் மூடுங்கள். துண்டைத் தனியாக வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கணவருக்கு வந்தால் மனைவியும், மனைவிக்கு வந்தால் கணவரும் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்!